காட்டின் ஆணையும் தோட்டத்து மக்களும்

மலாயாவில் பொதுவுடைமைக் கட்சி அரசுக் கட்டில் ஏறியதில்லை. எனினும், மக்கள் அதன் ஆணைக்கு உட்பட்டு வாழ்ந்த காலங்கள் உண்டு. ரிங்லெட்டை அடுத்த லெம்பா பெர்த்தாமில் நின்று பார்ப்போர்க்கு, ஒருபுறம் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும், மறுபுறம் பகாங்கின் அடர்ந்த காடும் தோன்றும். அத்தகைய காடே அவ்வாணையின் பிறப்பிடம். அதற்கும் மக்களுக்கும் இருந்த உறவு எவ்வாறு மாறியது என்பதை ஈண்டுக் காண்போம்.

ஜப்பானியர் காலத்தில் காட்டிலிருந்து அவர்களை எதிர்த்த படைக்குக் கம்யூனிஸ்டுகளே தலைமை தாங்கினர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பின், பிரிட்டிஷார் திரும்பும்வரை, சில வாரங்கள் பல ஊர்கள் அப்படையின் கையில் இருந்தன. மீட்பர் என வரவேற்கப்பட்டவர்கள், பகைவருக்கு உதவியவர் என்று பலரை அவசர விசாரணையில் கொன்றனர். அன்பினூடே அச்சமும் புகுந்தது.

அடுத்துக் கட்சி தொழிற்சங்கத்தின் வழியே தோட்டங்களுக்குள் வந்தது. தமிழர் பலர் அதில் சேர்ந்தது சித்தாந்தம் கற்றதனால் அன்று. கூலி உயரவும், துரையின் முன் நிமிர்ந்து நிற்கவுமே சேர்ந்தனர். தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார்.

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும் சங்கம் இருந்த இடத்தில் துப்பாக்கி நின்றது. காட்டிலிருந்தோருக்கு வேண்டிய அரிசியையும் பணத்தையும் செய்தியையும் 'மின் யூன்' அமைப்பு திரட்டிற்று. உவந்து கொடுத்தாரும் உண்டு. அஞ்சிக் கொடுத்தாரும் உண்டு. கெரில்லாக்கள் அடையாள அட்டைகளைப் பறித்தனர். ரப்பர் மரங்களை வெட்டிச் சிதைத்தனர். மரம் சிதைந்தால் நட்டம் கம்பெனிக்கு மட்டுமா? பால் வெட்டுபவனின் கூலி எங்கே?

இத்தவற்றைக் கட்சியே உணர்ந்தது. பொதுமக்களைத் துன்புறுத்தும் இச்செயல்களை நிறுத்துமாறு 1951 அக்டோபரில் ஆணையிட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தால், பெரும்பாலும் சீனரான ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்ட லயங்களும் முள்வேலிக்குள் வந்தன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. அரசும் மக்களை நம்பவில்லை என்பதே உண்மை. எனினும், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும், 1955இல் பொதுத் தேர்தலும், 1957இல் விடுதலையும் வந்தபோது, காடு தருவதாகச் சொன்னவற்றுட் சில வெளியிலேயே கிட்டின. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாயில் கட்சி சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. கிழக்கு ஐரோப்பாவில், அரியணை ஏறிய பொதுவுடைமைக் கட்சிகளையும் மக்கள் கைவிட்ட ஆண்டு அதுவே.

இவ்வரலாற்றை எழுதுவோர் தளபதிகளின் நூல்களையும் அரசின் ஏடுகளையுமே பெரிதும் நாடுகின்றனர். இரு தரப்புக்கும் அரிசி கணக்குச் சொல்ல நேர்ந்த லயத்து மக்களின் வாய்மொழியோ நாளும் மறைந்து வருகிறது. அக்காலத்தைக் கண்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர்களைக் கேட்டு எழுதி வைப்பது நம் கடமையாகும்.