அஞ்சலுக்கு எதற்குக் கிரேக்கம்?

கர்னல் மன்றோ கதை நம்மூர் மேடைகளில் ஓய்ந்தபாடில்லை. திருவிதாங்கூரில் 1811 முதல் 1814 வரை திவானாக இருந்த அவர், தூதன் என்று பொருள்படும் 'ஆங்கெலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத் திரித்து அந்த அரசின் தபாலுக்கு 'அஞ்சல்' என்று பெயர் வைத்தாராம். தேவதூதனுக்குச் சிறகு உண்டு, அதனால்தான் அஞ்சல் பின்னாளில் பறந்தது என்று ஒட்டுப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கன்னடத்தில் தபாலுக்கு இன்றும் 'அஞ்செ'தான். தெலுங்கில் 'அஞ்செ' என்றால் கட்டம். படிப்படியாக என்பதற்கு 'அஞ்செலஞ்செலுகா'. அங்கெல்லாம் மன்றோவா போய்ப் பெயர் சூட்டினார்? (தெலுங்குச் சீமையில் பேர்பெற்ற தாமஸ் மன்றோ வேறு ஆள்.) சங்கப் பாட்டில் 'அஞ்சாதே' என்ற பொருளில் வரும் 'அஞ்சல்' வேறு சொல், அதையும் இதோடு முடிச்சுப்போட வேண்டாம்.

கட்டம் கட்டமாகக் கைமாற்றுவதே அஞ்சல். சதங்கை கட்டிய கோலோடு ஓடிவந்த அஞ்சலோட்டக்காரன் அடுத்தவனிடம் பையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டான், பை நிற்கவில்லை. டெல்லிச் செய்தியை வானொலிக்காரர்கள் 'அஞ்சல்' செய்வதும் இதே பொருளில்தான். 'தபால்' எங்கிருந்து வந்தது என்பது தனி வழக்கு.

பறந்த கதைக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்கு முதல் விமானம் திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்து கிளம்பியது 1935 நவம்பர் 1-இல். டாட்டா நிறுவனத்தின் 'ஃபாக்ஸ் மாத்'. மேலொன்று கீழொன்றாக ஈரடுக்கு இறக்கை. பயணிகள் முன்னால் மூடிய சிறு அறைக்குள் அடைந்திருக்க, விமானி பின்னால் திறந்தவெளியில் காற்றடிபட்டு உட்கார வேண்டும். மன்னர் சித்திரைத் திருநாளின் பிறந்தநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய வாழ்த்தோடு அதைத் திருவனந்தபுரத்துக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். புறநானூற்று 27-ஆம் பாட்டின் வானூர்திக்கு வலவன், அதாவது ஓட்டுபவன், கிடையாது. ஆகவே அதைக் காட்டி விமானத்தையும் நாம்தான் முதலில் ஓட்டினோம் என்று கிளம்பவும் வேண்டாம்.

அந்த விமானமாவது ஒரே மூச்சில் பறந்ததா? கண்ணனூர், கோவா என்று இறங்கி இறங்கித்தான் பம்பாய் சேர வேண்டும். சீமைக்குப் போகும் கடிதம் அங்கிருந்து கராச்சி போய் இம்பீரியல் ஏர்வேஸ் விமான நிறுவனத்திடம் கைமாறும். ஆகாயத்திலும் அஞ்செலஞ்செலுகா!

1951-இல் திருவிதாங்கூர் அஞ்சல் இந்தியத் தபாலில் கரைந்தது. சொல் மட்டும் தப்பி, தமிழ்நாடு முழுக்க அஞ்சல் நிலையம் என்று பலகையேறிவிட்டது. மன்றோ நிர்வாகத்தைச் சீர்செய்திருக்கலாம். சொல் அவருக்கு முந்தையது, திராவிட மொழிகளின் பொதுச்சொத்து. கிரேக்கத்துக்கு அதில் ஒரு திருவிதாங்கூர்ச் சக்கரக் காசுகூடப் பாத்தியதை இல்லை.