சட்டி எங்கப்பா? தாளத்துக்கும் மைக்குக்கும் நடுவுல இருந்த தூரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் என்னோட ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்குது.

நான் வளர்ந்தது திருவொற்றியூர். பகல்ல கோடு எழுதுற வேலை, ராத்திரி இந்த பாட்காஸ்ட். ஆரம்பிச்ச புதுசுல, ராயபுரம் பக்கம் சாவு மேளத்துல சட்டி அடிக்கிற ஒரு அண்ணனைப் பேட்டி எடுத்தேன். சட்டி தெரியாதவங்களுக்கு: கிண்ணம் மாதிரி உடம்பு, மேல தோல், ரெண்டு குச்சி. கானாவுக்கு முதுகெலும்பே அதுதான்.

அப்போ என்கிட்ட இருந்தது ஒரு கண்டென்சர் மைக். விலை அதிகம், அதனால நல்லதாத்தான் இருக்கும்னு நம்பினேன். ரெண்டு அடி தள்ளி வெச்சேன். முதல் அடியிலேயே லெவல் சிவப்புக்குப் போச்சு. கெயினைக் குறைச்சேன். வெளிய கன்டெய்னர் லாரி உறுமுச்சு, அதை எடுக்க 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் வெட்டினேன். கடைசியில அண்ணன் ஹெட்போன்ல கேட்டுட்டு சொன்னார்: "இன்னாப்பா, எம் பேச்சு மட்டும் நல்லா கேக்குது. சட்டி எங்கப்பா?"

பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டுன மாதிரிதான் இருந்துச்சு. அந்தக் கேள்விக்கு பதில் தேடப் போய்த்தான் நான் மைக்கோட வரலாற்றுக்குள்ள விழுந்தேன்.

தாளம் இல்லாத இசைத்தட்டு

1925-க்கு முன்னாடி இசைத்தட்டுப் பதிவுல மைக்கே கிடையாது. ஒரு பெரிய ஊதுகுழாய் முன்னாடி பாடணும். அந்தக் காற்றோட அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகுல கோடு கீறும். தோராயமா 250 ஹெர்ட்ஸுல இருந்து 2500 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதுல பதியும். பெரிய டிரம்மோட அடித்தொனி அந்த எல்லைக்கு ரொம்பக் கீழ. இன்னொரு பக்கம், ஓங்கி ஒரு அடி விழுந்தா ஊசியே தடம் மாறிடும். அதனால அந்தக் கால ஜாஸ் பதிவுகள்ல டிரம்மரை பின்னால தள்ளி உட்கார வெச்சாங்க, இல்லைன்னா கையில மரக்கட்டையைக் கொடுத்துட்டாங்க.

1925-ல் மின்சாரப் பதிவு வந்தது. பெல் ஆய்வகத்தோட வென்ட் கண்டுபிடிச்ச கண்டென்சர் மைக் அதுக்கு உதவுச்சு. அதே வென்ட், துராஸ்ங்கிற சக பொறியாளரோட சேர்ந்து உருவாக்கினதுதான் 1931-ல் வந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 618ஏ. டைனமிக் மைக் பரவலா புழக்கத்துக்கு வந்தது இதுல இருந்துதான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பார்ப்போம். ஒரு மெல்லிய சவ்வு, அதோட ஒட்டின ஒரு கம்பிச்சுருள், சுத்தி ஒரு காந்தம். ஒலி சவ்வை ஆட்டும், சுருள் காந்தப்புலத்துல ஆடும், மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே காட்டின அதே தத்துவம். பேட்டரி வேண்டாம், 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டாம். சுருளோட எடையால நுணுக்கமான உயர் ஒலிகள் கொஞ்சம் மங்கும். ஆனா எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் தாங்கும்.

திருப்பிப் போட்டா இது ஸ்பீக்கர். 1966-ல் பீட்டில்ஸ் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டைப் பதியும்போது, பேஸ் கிட்டாருக்கு மைக்கா வெச்சதே ஒரு ஸ்பீக்கரைத்தான். பெரிய சவ்வு, கீழ்த்தொனியை நல்லா வாங்கும்னு கணக்கு.

கிட்டப் போகக் கூடாதுங்கிற விதி

அதே 1966, அதே லண்டன் ஸ்டுடியோ. மைக்கை டிரம்முக்கு இவ்வளவு தூரத்துக்கு மேல நெருக்கமா வைக்கக் கூடாதுன்னு நிர்வாகத்தோட விதி. காற்றழுத்தத்துல மைக் கெட்டுப்போகும்னு பயம். 20 வயசு ஜெஃப் எமெரிக் அந்த விதியை மீறினார். கிக் டிரம்முக்குள்ள ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணிச்சு, ஏகேஜி டி20 டைனமிக் மைக்கைக் கிட்டக் கொண்டுபோய் வெச்சார். 'ரிவால்வர்' ஆல்பத்துல ரிங்கோவோட டிரம் நெஞ்சுல இடிக்கிறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நெருங்கினா ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, தூரம் பாதியாகுறப்போ எல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். 60 செ.மீ.ல இருந்து 7.5 செ.மீ.க்கு வந்தா மூணு தடவை பாதி, அதாவது 18 டெசிபல். லாரி சத்தம் இருந்த இடத்துலயே இருக்கும், சட்டி மட்டும் மேல வரும். ரெண்டாவது, ஒரு திசையை மட்டும் கேட்கிற மைக்குகள்ல, நெருங்க நெருங்க கீழ்த்தொனி தானாவே தடிக்கும். நான் ரெண்டு அடி தள்ளி வெச்சு, லோ-கட் போட்டு, ரெண்டையும் இழந்தேன்.

நம்ம ஊர் கதை

இப்போ சென்னைக்கு வருவோம். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப்பை ஆரம்பிச்சார். அது மூடினதுக்கப்புறம் 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பை எடுத்துக்கிட்டது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியோட சென்னை நிலையம் தொடங்குச்சு. மைக் இந்த ஊருக்கு வந்து நூறு வருஷம் ஆச்சு.

ஆனா பறைக்கும் சட்டிக்கும் முன்னாடி மைக் வர ஏன் இவ்வளவு நாள்? தொழில்நுட்பம்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஷூர் எஸ்எம்57 வந்தது 1965-ல், எஸ்எம்58 1966-ல். ரெண்டுமே விழுந்தாலும் உடையாத ரகம். தோலைத் தொட்டவங்களைத் தள்ளி வெச்ச சமூகம், அந்தத் தோலோட சத்தத்தையும் தள்ளியே வெச்சது. இதை யாரோ எங்கேயோ செஞ்சதா நான் சொல்லலை. எங்க தெருவுல மேளம் வந்தா எங்க வீட்டு ஜன்னலை மூடுவாங்க. மூடினது பல நாள் நான்தான்.

கானாவுக்கு சினிமா வழியா ஒரு கதவு திறந்துச்சு. 90-கள்ல தேவா, 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்துல கானா உலகநாதன். 2017-ல் பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினாங்க. அயோத்திதாசப் பண்டிதரோட 'சாதிபேதமற்ற' என்ற சொல்தான் அந்தப் பெயருக்கு வேர். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி. கிட்டார், டிரம்செட் வரிசையிலேயே சட்டி, பறை, கட்ட மோளம். ராயபுரத்துல பிறந்த இசைவாணி அந்தக் குழுவுல பாடினாங்க. 2020-ல் பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல அவங்க பேர் வந்தது. 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ.

மேடையில எல்லாரும் ஒரே வரிசையில நிக்கும்போது, சட்டிக்கும் தனி மைக், மிக்ஸர்ல தனி சேனல், தனி ஃபேடர். எமெரிக் மீறினது ஒரு ஸ்டுடியோ விதியை. இங்க மீறவேண்டி இருந்தது அதைவிடப் பழைய விதி.

சரி, எந்த மைக் வாங்குறது?

நிறைய பேர் கேட்ட கேள்வி. என் அனுபவத்துல:

கிக் டிரம்முக்குன்னே ஏகேஜி டி112, ஷூர் பீட்டா 52ஏ மாதிரி மைக்குகள் இருக்கு. ரெண்டுமே 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். ஆனா அதுங்க நேர்மையான சாட்சிகள் இல்லை. மேற்கத்திய கிக் டிரம் எப்படிக் கேக்கணுமோ அப்படி ஒலியை முன்கூட்டியே செதுக்கித் தருது. கட்ட மோளத்துக்கோ டோலக்கோட தடிச்ச பக்கத்துக்கோ அது பொருந்தும். பறைக்கு வெச்சா, பேசுற நடுத்தொனி அடிபட்டு, பறை ஊமையாகிடும். பறைக்கும் சட்டிக்கும் சாதாரண எஸ்எம்57 போதும். விளிம்புல இருந்து ரெண்டு மூணு விரல் தூரம், சாய்வா, குச்சி படாத இடத்துல. கண்டென்சரும் நல்லாவே வேலை செய்யும், ஆனா அமைதியான அறையும் வறண்ட காற்றும் வேணும். எங்க ஏரியாவுல ரெண்டும் கிடையாது. உப்புக்காத்து ஈரம் ஏறினா கண்டென்சர் பொரியுற மாதிரி சத்தம் போடும். அதே ஈரத்துல பறையும் தொய்யும், அதான் நெருப்பு காட்டிக் காய்ச்சுறாங்க.

எண்ணூர் நெடுஞ்சாலை லாரியும், எங்க ஊர்ல உருவான புல்லட்டோட டப்-டப்பும் கீழ்த்தொனிதான். அதை வெட்டினா சட்டியும் சேர்ந்து வெட்டுப்படும். அதனால லோ-கட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி மைக்கைக் கிட்டக் கொண்டுபோங்க.

போன மாசம் ஒரு பழைய டைனமிக் மைக்கோட அண்ணன் வீட்டுக்குத் திரும்பப் போனேன். மணிக்கட்டு வலின்னு அவர் இப்போ முன்ன மாதிரி மேளத்துக்குப் போறதில்லை. பத்து நிமிஷம்தான் அடிச்சார். மைக்கைத் தோல் பக்கத்துல வைக்க நான் தரையில உட்கார்ந்தேன். அந்த சட்டிக்கு அவ்வளவு பக்கத்துல நான் போனது அதுதான் முதல் தடவைன்னு அப்போதான் உறைச்சது.

கேட்டுட்டு அவர் ஒண்ணும் சொல்லலை. மறுபடியும் முதல்ல இருந்து போடச் சொன்னார். அந்தப் பத்து நிமிஷத்தை இந்த எபிசோடோட கடைசியில அப்படியே வெட்டாம வெச்சிருக்கேன். லாரி சத்தமும் லேசா கேக்கும். ஹெட்போன் போட்டுக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.