100 ஆம் இலக்க பஸ்ஸும் இரண்டு உழுந்து வடையும்

சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் இருவரும் இரத்மலானையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறி, காலி வீதியால வெள்ளவத்தைக்குச் சாப்பிடப் போவோம். தோசை, உழுந்து வடை, கடைசியா ஒரு பிளேன்டீ. கிடைச்சா ஒடியல் கூழ்.

எங்களில் ஒருவரின் அம்மம்மா இதே வீதியில் எதிர்த்திசையில் வந்தவ. 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் தமிழ்க் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, தப்பிய பலர் இரத்மலானை விமான நிலையத்தில் அகதிகளாக இருந்தார்கள். 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது இங்கிருந்துதான். அகதிகளும் காங்கேசன்துறைக்குத்தான் அனுப்பப்பட்டார்கள், கப்பலில்.

பிறகு போர் வடக்குச் சனத்தைக் கொழும்புக்குத் துரத்தியது. வெள்ளவத்தை ‘குட்டி யாழ்ப்பாணம்’ ஆனது. எரிந்த வீதியில் திரும்ப அடுப்பு மூண்டது. எங்கட தோசைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கு. ருசி தேடிப் போறவை இதையும் கேட்டு வைக்கவேணும்.

அம்மம்மாவுக்கு இரண்டு வடை கட்டிக்கொண்டு வருவோம். “கடல் பக்கக் கடையோ, மற்றப் பக்கமோ?” எண்டு ஒவ்வொரு முறையும் கேப்பா. அவ சாப்பிட்ட கடை இப்ப இல்லை. ஆனாலும் பக்கத்தைப் பார்த்து வைத்துத்தான் திரும்பி வாறம்.