அடையாளத் திருட்டுக் காப்பு
பிறருடைய ஆதார், பான், கைரேகை ஆகியவற்றைக் கொண்டு அவர் பெயரில் சிம் வாங்குதல், கடன் பெறுதல், பணம் எடுத்தல் போன்ற மோசடிகளைத் தடுக்கும் வழிகள். லாரிகளும் கிடங்குகளும் நிறைந்த மாதவரத்தில் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் ஆதார் நகல் கொடுப்பது வழக்கம். அந்தத் தாள் பிறகு எங்கே போகிறதென்று யாரும் கேட்பதில்லை. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரே பல இடங்களில் போதும். கைரேகைப் பூட்டு இன்னும் வலுவானது: ஆதார் செயலியில் பூட்டிவிட்டால், ரேகையைப் போலியாக அச்செடுத்தவராலும் பணம் எடுக்க இயலாது. ரேஷன் கடையில் விரல் வைக்குமுன் திறக்க வேண்டியிருப்பதுதான் தொல்லை. தம் பெயரிலுள்ள சிம்களைச் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.