காற்று ஓய்ந்த பிறகு

எங்கள் பெரிய அத்தை எப்போது பிறந்தார் என்று கேட்டால், 'புயலுக்கு மறு மாசம்' என்பார் அப்பாயி. 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தை அடித்த புயல் அது. பெண் குழந்தை பிறந்த தேதியை எழுதிவைக்காத வீட்டில் புயல்தான் சாட்சி.

அடுத்தது 1977 நவம்பர் 12. தீபாவளி கழிந்து இரண்டே நாள். வேளாங்கண்ணிக்குத் தெற்கே எங்கள் ஊர். நான் அம்மா வயிற்றில் ஆறு மாதம். அந்த இரவைப் பற்றி அப்பா சொல்லும்போது தெருவே கூடி உட்கார்ந்து கேட்கும். கூரை பிய்ந்து போனதையும் மாடுகளை அவிழ்த்து விட்டதையும் அடுக்கிக்கொண்டே வருவார். வடக்கேயிருந்து அடித்த காற்று திடீரென்று செத்ததுபோல் நின்றதாம். பிழைத்தோம் என்று வெளியே வந்தால், தெற்கேயிருந்து திரும்பி வந்து அடித்ததாம். புயலின் நடுப்பகுதி தலைக்கு மேலே கடந்தால் அப்படித்தான் நடக்கும். பொழுது விடிந்ததும் அப்பாவின் கதை முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று 40 வருடம் நானும் கேட்கவில்லை.

குதிருக்குள் நனைந்த நெல் முளைவிட்டிருந்தது. அதை வறுக்க விறகு வேண்டும். ஒரு சுள்ளிகூடக் காயவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டதால் மாசமாக இருந்த அம்மா, ஒரு மைல் நடந்து குடத்தில் கொண்டுவந்தார். அம்மாவுக்கும் அப்பாயிக்கும் மிஞ்சிய மாற்றுப்புடவை ஒன்றே ஒன்று, தீபாவளிக்கு எடுத்தது. ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு வெளியே போனால் மற்றவர் ஈரத்தோடு சுவரோரம் உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19இல், ஆந்திரக் கரையை இன்னொரு பெரும்புயல் அழித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டின் கவனம் அங்கே போய்விட்டது. அம்மா தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்.

மறு வருடம் அம்மா 62 தென்னங்கன்று வைத்தார். இடுப்பில் நான், தலையில் குடம். கன்றுக்கு இரண்டு குடம் வீதம் ஊற்றி வளர்த்தது. எனக்கும் அந்த மரங்களுக்கும் ஒரே வயது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்தது. முந்தைய இரண்டுக்கும் பெயர் கிடையாது. இதற்கு இலங்கை கொடுத்த பெயர் யானையைக் குறிப்பது. நான்கு நாள் போன் கிடைக்காமல் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தேன். விழுந்துகிடந்த மரங்களுக்கு நடுவே நின்றிருந்த அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டது, 'தண்ணி கொண்டாந்தியா?'

62இல் 55 மரங்கள் சாய்ந்திருந்தன. அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். ஆக 60,500. கணக்கெடுக்க வந்தவர் அம்மாவிடம் எத்தனை மரம் என்று கேட்டார். எந்த மரம் எந்த வருடம் காய்த்தது என்பதுவரை அம்மா சொன்னார். அடுத்து, 'பட்டா யார் பேருல?' என்றார்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சித்தப்பா கையெழுத்துப் போட்டார். பணம் அவர் கணக்குக்குப் போனது. கேட்காமலே பாதியைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மா வைத்த மரத்துக்கு அம்மா கை நீட்டி வாங்க வேண்டியிருந்தது.

கணவர் சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டு என்று 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. வகுப்பில் பெண்ணியம் நடத்துகிற, முனைவர் பட்டம் வாங்கிய நான், அப்பா இறந்த பிறகு ஒருமுறைகூடப் பட்டா மாற்ற மனு எழுதவில்லை. கஜாவுக்குப் பிறகுதான் எழுதினேன்.

இலவசமாகக் கன்று தருகிறார்கள், வாங்கிவரட்டுமா என்று கேட்டபோது அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: 'மொதல்ல பேரு மாறட்டும். அப்பறம் குழி வெட்டலாம்.'