வெள்ளானையும் செங்கண்ணும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் திருவரங்கத் தீவிலே, ஆனைக்கா! சிராப்பள்ளிக் குன்றின் உச்சியிலே நின்று வடக்கே நோக்கினால், தென்னந்தோப்புகளுக்கு மேலே தலைநீட்டும் கோபுரங்களிலே அவ்வூர்க் கோபுரமும் ஒன்று. அங்கே தலமரம் வெண்ணாவல். நாவற்பழம் என்றாலே நாவைக் கறுப்பாக்கும் பழமல்லவா? அங்கே அதுவும் வெண்மை! அம்மரத்தடியிலே வழிபட்ட யானையும் வெள்ளானை என்றே பெரியபுராணம் பேசுகிறது. கதையின் முடிவிலே தோன்றும் சோழனுக்கோ சிவந்த கண்கள். வெள்ளை மரம், வெள்ளை யானை, செங்கண் வேந்தன்! மூன்றும் ஓரூரிலே!

கதை நாடறிந்தது. இலைச்சருகு விழாதிருக்கச் சிலந்தி பின்னிய பந்தலை, குப்பை என்றெண்ணி யானை அழித்தது, சினங்கொண்ட சிலந்தி துதிக்கையிலே புகுந்து கடித்தது, இரண்டும் மாண்டன. சிலந்தி, சோழன் சுபதேவனுக்கு மகனாகக் கருவுற்றது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மூவுலகும் ஆள்வான் என்றனர் சோதிடர். தாய் கமலவதி தன் கால்களைப் பிணித்துத் தலைகீழாகத் தூக்கச் சொன்னாள். காலந்தாழ்த்துப் பிறந்த பிள்ளையின் கண்கள் சிவந்திருந்தன. கோச்செங்கணான் எனப் பெயரிட்டுவிட்டுத் தாய் உயிர்விட்டாள். புராணம் இதனைப் பெருமையாகச் சொல்கிறது. நமக்கோ நெஞ்சு நடுங்குகிறது. ஒரு நாழிகைக்காக ஒரு தாயின் உயிர்! மகன் அரியணை ஏறி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான். பழம்பகை பாருங்கள்!

வெண்மையும் செங்கண்ணும் உயிரினங்களிலே சேர்ந்து வருவதுண்டு. தோலுக்கும் மயிருக்கும் கண்ணுக்கும் நிறந்தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை ஆக்கும் வேலையிலே பிறவிக் குறை நேர்ந்தால், உடல் வெளுக்கிறது. கண்ணிலே நிறத்திரை இல்லாமற் போக, உள்ளிருக்கும் குருதியின் செம்மை வெளியே தெரிகிறது. வெள்ளெலியின் கண்ணும் வெண்முயலின் கண்ணும் சிவந்திருப்பது இதனாலேதான். அல்பினிசம் என்பது இதற்கு அறிவியல் இட்ட பெயர். கோச்செங்கணானை இக்குறையுடையவன் என்று சொல்ல நாம் வரவில்லை. கண்சிவப்புக்குக் கதை கட்டியவர்களுக்கு இந்தக் காரணம் தெரியாது என்பதைத்தான் சொல்கிறோம்.

யானையிலே முழு வெண்மை மிக மிக அரிது. ஆனால் கோயில் யானையை நீராட்டும்போது உற்று நோக்கியவர் அறிவர்: நெற்றியிலும், துதிக்கையிலும், செவியின் ஓரத்திலும் நிறம் உதிர்ந்து இளஞ்சிவப்புப் புள்ளிகள் படர்ந்திருக்கும். வயது ஏற ஏறப் புள்ளிகளும் மிகும். சங்கப் புலவன் இதனைக் கண்டான். கண்டதைக் கண்டபடியே 'புகர்முகக் களிறு' என்றான். புகர் என்றால் புள்ளி. பிற்காலத்துக் கற்பனைக்குப் புள்ளி போதவில்லை; இந்திரனுடைய ஐராவதம் வந்தது, முழுதும் வெள்ளையாக! சிலப்பதிகாரத்துப் புகாரிலே வெள்யானைக்கு ஒரு கோட்டமே இருந்தது. தாராசுரத்திலே, இரண்டாம் இராசராசன் எடுப்பித்த கோயிலிலே, முனிவர் சாபத்தால் வெண்மை இழந்த ஐராவதம் குளத்திலே மூழ்கி மீண்டும் வெளுத்ததாம். யானைக்குக் கருமை தண்டனை, வெண்மை விமோசனம்! கார்முகில் போன்ற களிறு செய்த குற்றம் என்ன?

இது நம் நாட்டோடு நின்றதன்று. பர்மியப் பேரரசன் பயின்னௌங், சயாமின் அயுத்தயா மன்னனிடம் வெள்ளானைகள் கேட்டான், மறுத்தான் அவன், 1563இலே போர் மூண்டது. 1564இலே அயுத்தயா பணிந்தது. செத்தவர்கள் மனிதர்கள், போருக்குக் காரணமான யானைகளோ, நேரிலே பார்த்தால், சுண்ணாம்பு வெள்ளையுமல்ல, நனைந்தால் செம்மை காட்டும் வெளிர் பழுப்பு! வெள்ளைக் காக்கை பறக்கிறது என்று அரசன் சொன்னால் ஆமாம் போடுவோர் எல்லா அரண்மனைகளிலும் இருந்திருக்கிறார்கள் போலும்.

அரசர்களின் வெண்மை மோகம் யானையோடு முடியவில்லை. நம் காலத்திலே புலியையும் பற்றியது. 1951இலே ரீவா மன்னர் மார்த்தாண்ட சிங் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்து மோகன் எனப் பெயரிட்டார். முதலிலே பிறந்த குட்டிகள் வெள்ளையாக இல்லை. மோகனை அதன் மகளாகிய ராதாவோடே சேர்த்தார்கள். 1958இலே நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அவற்றுள் மோகினி 1960இலே அமெரிக்கா சென்றது. கருங்கோடும் நீலக்கண்ணும் உடைய இப்புலிகள் முழு அல்பினோக்கள் அல்ல. மாறியிருப்பது ஒரே ஒரு மரபணு என்று 2013இலே கண்டுபிடித்தார்கள். வெண்மைக்காக உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியதன் விளைவு, மாறுகண்ணும் நலிந்த உடலும். வண்டலூரிலே, அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய உயிரியல் பூங்காவிலே, வெள்ளைப் புலிக்கு முன்னே கூட்டம் நிற்பதைக் கண்டிருக்கிறோம். அடுத்த கூண்டின் மஞ்சட்புலியை யார் பார்க்கிறார்கள்?

யானைக்கும் புலிக்கும் இத்தனை சிறப்பு. அதே வெண்மையோடு ஒரு குழந்தை பிறந்தால்? தாயின் மீது ஐயம். கிரகணத்தின் மீது பழி. தெருப்பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயர். உண்மையோ எளியது: தாயும் தந்தையும், வெளியே தெரியாத அந்த மரபுக்கூற்றை ஆளுக்கொன்றாகத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கிலொரு பங்கு வாய்ப்புண்டு. இருவரும் கருநிறத்தவராக இருக்கலாம்; எவர் கற்பும் இதிலே வழக்குக்கு வரவேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2015 முதல் சூன் 13ஆம் நாளை இவர்களுக்குரிய விழிப்புணர்வு நாளாகக் கொண்டுள்ளது.

அக்குழந்தையின் தோல் வெயிலிலே எளிதில் புண்ணாகும், கண் கூசும், கரும்பலகை எழுத்து மங்கலாகவே தெரியும். அதற்கு வேண்டியவை ஒரு தொப்பி, முழுக்கைச் சட்டை, கண்ணுக்கேற்ற கண்ணாடி, வகுப்பிலே முதல் வரிசையில் ஓரிடம். ஆனைக்காவின் வெள்ளானைக்குக் காவியத்திலே இடம் கிடைத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. கோபுரத்தின் நிழல் விழும் தெருவிலே பள்ளி செல்லும் பிள்ளைக்கு, அந்த முதல் வரிசை இடம் கிடைத்ததா?