மலைநாட்டில் எழுந்த மாற்றுக் குரல்



ஆள்வோர் விரும்பாத கருத்தை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைப்பது எளிதன்று. 1873-ஆம் ஆண்டில் துருக்கிய எழுத்தாளர் நாமிக் கெமாலின் நாட்டுப்பற்று நாடகம் இஸ்தான்புல் நகரில் மேடையேறியது. மக்கள் ஆரவாரித்தனர்; அரசோ அவரைச் சைப்பிரஸ் தீவுக்கு நாடு கடத்தியது. எனினும், அவருக்கு வாசகரும் அரங்கும் வாய்த்திருந்தன. எழுத்தறிந்தோர் அருகியிருந்த நம் தேயிலைத் தோட்டங்களில் அரசியல் விவாதம் எங்ஙனம் வேரூன்றியது? அதற்கு விடை காண விழைவோர் கோ. நடேசய்யரின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

தஞ்சை மாவட்டத்தில் பிறந்த நடேசய்யர் 1920-ஆம் ஆண்டளவில் இலங்கையில் குடியேறினார். தோட்டம் தனியார் உடைமை. லயத்தில் வாழும் உறவினரைக் காண்பதற்கும் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதியின்றி நுழைந்தவர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரலாம். ஆதலின் அவர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பர். கண்டவற்றை எழுதுவதற்குப் பத்திரிகையைக் கருவியாகக் கொண்டார். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகியவை அவர் ஆசிரியராக விளங்கிய ஏடுகளாம்.

சட்டநிரூபண சபையில் அங்கம் பெற்ற பின்னர், துரைமாரையும் கங்காணிமாரையும் அவர் அஞ்சாது கண்டித்தார். அதனினும் கடினமான சோதனை நண்பரிடமிருந்தே வந்தது. கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவுடன் அவர் தோளோடு தோள் நின்று உழைத்தவர். 1928-ஆம் ஆண்டில் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. தோட்டத் தொழிலாளருக்கும் அவ்வுரிமை கிட்டுமோ என்ற அச்சம் சிங்களத் தலைவர் பலரிடையே எழுந்தது. இந்தியத் தொழிலாளரைப் பற்றிய கருத்து வேறுபாடு முற்றவே, நடேசய்யர் குணசிங்காவைப் பிரிந்தார். தனித்து நிற்க நேர்ந்தபோதும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1931-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கென ஹட்டனில் ஒரு சம்மேளனத்தை நிறுவினார். 1936-ஆம் ஆண்டில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபை புகுந்தார்.

வாசிக்கத் தெரியாதவருக்கு வாதத்தை எவ்வாறு கொண்டு செல்வது? அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் அதற்கு வழி கண்டார். மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டியற்றிக் கூட்டங்களில் பாடினார். அரசாங்கப் பணியிலிருந்த இந்தியர்களை விலக்கும் நடவடிக்கை 1939-ஆம் ஆண்டில் தொடங்கியபோது, எதிர்ப்புப் பாடல்களை எழுதி அச்சிட்டு 1940-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சபையில் நிகழ்ந்த விவாதம் இவ்வாறு லயத்து வாசலுக்கும் வந்து சேர்ந்தது. பெண்ணொருத்தி மேடையேறி அரசியல் பேசுவதையும் மலைநாட்டு மக்கள் கண்டனர்.

1947-ஆம் ஆண்டில் நடேசய்யர் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, மலைநாட்டு மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது; 1949-ஆம் ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேயே வந்தது. அவ்விடைக்காலத்தில் இம்மக்களுக்காக வாதாடியவர்கள் நடேசய்யர் முன்வைத்த அடிப்படைக் கேள்வியையே மீண்டும் எழுப்பினர்: நாட்டின் செல்வத்தை உழைத்து உருவாக்குவோருக்கு அந்நாட்டின் ஆட்சியில் பங்கில்லையா?

அக்கேள்வி சபைக் குறிப்பேடுகளிலும் பழைய பத்திரிகைகளிலும் பதிவாகியுள்ளது. நம் இளைஞர் அவற்றைத் தேடிப் படித்தல் வேண்டும். நடேசய்யரின் கருத்துகள் அனைத்தையும் அவர்கள் ஏற்க வேண்டுமென்பதில்லை. அவற்றோடு உடன்படவும் முரண்படவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமைக்காகவே அவர் வாதாடினார்.